விடுபட்ட இரண்டு தட்டு

மெட்டின் மூன்றாம் சுற்றில் ஐந்து பேரும் மறுபடி தாளம் தப்பிச் சிதறினோம். அன்று வெள்ளிக்கிழமை, ஜெர்மனியின் பான் நகரத் தேவாலய மண்டபத்தில் கடைசி ஒத்திகை, ஞாயிறு கச்சேரி. குழுவை நடத்தும் ஆங்கிலேயப் பெண்மணி தன் குழலை மடியில் கிடத்திவிட்டு என்னையே பார்த்தார்.

நாங்கள் வாசிப்பது இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நோர்தம்பர்லாந்தின் சிறிய பைக்குழல். அதை வாயால் ஊதுவதில்லை. முழங்கையால் துருத்தியை அமுக்கிக் காற்றேற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு விரல்தான் எழலாம். இரண்டு எழுந்தால் சுரங்கள் ஒட்டிக்கொள்ளும், மானம் போய்விடும்.

"இந்த இடத்தில் தாளத்தில் இரண்டு தட்டை விழுங்குகிறீர்கள். இப்படி வாசித்தால் உங்களை மேடையேற்ற முடியாது" என்றார் ஜெர்மனில்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. நானா விழுங்கினேன்? இந்த மெட்டுகளில் பெரிய பெயர் எடுத்து மறைந்த ஓர் ஆட்டிடையரின் பழைய ஒலிப்பதிவு என்னிடம் இருந்தது. டுசல்டோர்ஃபுக்கு வேலைக்குப் போகும் ரயிலில் இரண்டு வருடம் அதைத்தான் கேட்டேன். மூன்றாம் சுற்றில் அவர் ஒரு சுரத்தில் நின்று, இரண்டு தட்டைத் தாண்டி இறங்குவார். அதுதான் அவருடைய முத்திரை என்று நம்பி, முழங்கை வீங்கும்வரை பழகியிருந்தேன்.

"பதிவில் அந்த ஆட்டிடையரே இப்படித்தான் வாசித்தார், அது அவர் முத்திரை. அவரைவிட உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"தனியாக வாசியுங்கள்" என்றார் அந்தப் பெண்மணி.

இத்தோடு என் இடம் போய்விடும் என்ற பயத்தோடே வாசித்தேன். விரல் வியர்த்து வழுக்கியது. அந்தச் சுரத்தில் நான் நின்றதும் அவர் முகம் மாறியது.

"அது முத்திரை இல்லை. அந்தப் பதிவு அவர் வீட்டுச் சமையலறையில் நடந்தது. நடுவில் தேநீரோடு கதவைத் திறந்தது நான். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், இரண்டு தட்டு தவறியது. அவ்வளவுதான்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எப்படியாவது திருத்திவிடுகிறேன் என்று கெஞ்சி, மேடையில் இடம் வாங்கிக்கொண்டேன். வீட்டில் கணவர், "ஏலாட்டி விடுமன்" என்றார், முடியாததை ஏன் இழுக்கிறீர் என்பதுபோல.

"ஏலும்" என்று சீறினேன்.

ஞாயிறு மாலை மூன்றாம் சுற்று வந்தபோது ஒரு தட்டும் விடாமல் வாசித்தேன். பக்கத்தில் அந்தப் பெண்மணியின் குழல் அதே சுரத்தில் நின்றது. நின்று, இரண்டு தட்டைத் தாண்டி இறங்கியது. சபைக்கு முன்னால் எல்லாரும் மறுபடி சிதறினோம்.

காரில் ஏறியதும் கணவர் கேட்டார்: "இண்டைக்கும் நீர்தான் பிழைவிட்டனீரோ?"

"இல்லை" என்றேன். "இண்டைக்கு அவா."