தேசிங்கு விரல் வைக்காத பல்பு

பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா முதல் ஆளா சிரிக்கிறவன் நான். சிரிக்கிறதோட விடவும் மாட்டேன். எர்ணாவூர் பாலத்தாண்ட ஒரு பொம்பளை நிக்குதுன்னு ஷிப்ட் முடிச்சு வர்ற பசங்க கதை விட்டுக்கினு இருந்தப்ப, நானே வெள்ளை வேட்டியைத் தலையோட போர்த்திக்கினு அங்க போய் நின்னு, ரெண்டு பேரைச் செருப்பை விட்டுட்டு ஓட வச்சேன். அதுல ஒரு ஜோடி செருப்பு என் காலுக்குச் சரியா இருந்துச்சு, அது வேற கதை. அதனால இப்ப நான் சொல்றதைக் கேட்டு நீங்க சிரிச்சாலும் எனக்குக் கோபம் வராது. என் முறை வந்துடுச்சுன்னு எடுத்துக்குவேன்.

எண்ணூர் தாண்டி இருக்கிற ஒரு பேக்கிங் கம்பெனிக்கு, திருவொற்றியூர்ல இருந்து பொம்பளைப் பிள்ளைங்களைக் காலையில ஏத்திக்கினு போய் விடுறது என் தொழில். ஏழு பேர் உக்கார்ற டீசல் வண்டி. வயசு பதினாறு. மனுஷனா பொறந்திருந்தா மீசை முளைச்சிருக்கும்.

அந்த வண்டிக்கு எல்லா வயரிங் வேலையும் பார்த்தவன் தேசிங்கு. டோல்கேட் பக்கம் லாரிங்க நிக்கிற இடத்துல ஒரு தகரக் கொட்டாய், அதுதான் அவன் கடை. ஸ்கூல்ல இருந்தே தோஸ்து. அவன் வலது கட்டைவிரல்ல குறுக்கால ஒரு தழும்பு இருக்கும், காத்தாடி விடும்போது மாஞ்சா நூல் அறுத்தது. நூல் என்னுது. பந்தயத்துல ஜெயிச்சதும் நான்தான். ரத்தம் ஒழுகுற விரலோட நின்னுக்கினு என்னைப் பார்த்துச் சிரிச்சான் பாருங்க, அப்படிப்பட்ட ஆளு.

ஹெட்லைட்ல ஹாலோஜன் பல்பு மாட்டுறதுன்னா அவன் பூஜை பண்ற மாதிரி பண்ணுவான். கண்ணாடியை விரலால தொடவே மாட்டான். பிஸ்கட் டப்பாவுல ஒரு சுத்தமான பனியன் துணி தனியா இருக்கும், அதுல சுத்தித்தான் எடுப்பான். விரல்ல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில பட்டா, லைட் எரிஞ்சு சூடேறும்போது அந்த ரேகை அப்படியே வெந்து கறையா நின்னுடுமாம், நாலு நாள்ல பல்பு வெடிச்சிடுமாம். "முப்பது வருஷத்துல ஒரு பல்ப கூட நான் தொட்டதில்ல நைனா"ன்னு பெருமையா சொல்வான். நான் விடுவேனா? "பல்புக்கே இவ்ளோ மரியாதையா, கட்டின பொண்டாட்டியையாவது தொட்டியா மாமு?"ன்னு கேட்பேன். ஸ்குரூ டிரைவர் பறந்து வரும்.

ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு ஒரு ஆசை வந்துச்சு. புது வண்டிங்கள்லாம் வெள்ளை வெளேர்னு நீலம் கலந்த லைட்டுல வருதுங்க, என் வண்டி மட்டும் மஞ்சக் காமாலை வந்த மாதிரி. எச்.ஐ.டி. லைட்டுன்னு ஒண்ணு, வெளியில வாங்கி மாட்டுறது. தேசிங்குகிட்ட போய்ச் சொன்னேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

"போட மாட்டேன்."

"ஏன் மாமு?"

"உன் வண்டி ஹெட்லைட்டு டூமு ஹாலோஜனுக்கு செஞ்சது. அதுல இத போட்டா வெளிச்சம் நாலாப் பக்கமும் செதறும். எதிர்ல வரவன் கண்ணு அவுட்டு. பனியில, புகையில போனா அந்த வெள்ள உன் மூஞ்சிக்கே திரும்பி வரும். மஞ்சதான் நைனா ரோட்ட காட்டும்."

"உனக்கு வேலை தெரியலைன்னு சொல்லிட்டுப் போயேன், இன்னாத்துக்கு இவ்ளோ லெக்சரு?"

அப்பவும் சிரிச்சான். நான் மவுண்ட் ரோடு பக்கம் போய் வேற ஒரு கடையில மாட்டிக்கினு வந்தேன். பழைய பல்பு ரெண்டையும் புதுசு வந்த அட்டைப் பெட்டியிலயே போட்டுக் கையில குடுத்தாங்க. டேஷ்போர்டுக்குள்ள போட்டேன்.

அன்னிக்கு சாயங்காலம் நான் பண்ணின காரியத்தைத்தான் இப்ப சொல்லணும். டோல்கேட் பக்கம் கரண்ட் இல்லை. தேசிங்கு ஒரு சின்ன பேட்டரி விளக்கு வச்சுக்கினு, குனிஞ்சு ஏதோ வயருக்கு ஈயம் வச்சுக்கினு இருந்தான். நான் லைட்டை அணைச்சுட்டுச் சத்தமில்லாம வண்டியை உருட்டிக்கினு போய், கொட்டாய்க்குப் பத்தடி முன்னாடி நிறுத்தி, புது லைட்டை மொத்தமா அவன் மூஞ்சியில போட்டேன். தகரத்துல இருந்த ஒவ்வொரு துரு ஓட்டையும் தெரிஞ்சுது. அவன் பதறி எழுந்து, வலது கையை விரிச்சுக் கண்ணுக்கு முன்னாடி பிடிச்சான்.

"இன்னா மாமு, சூரியன் எப்டி கீது?"ன்னு கத்தி ஹாரன் அடிச்சேன். டீக்கடையில நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க.

"நைனா, கண்ணு தெர்ல. அணைச்சுடு."

நான் அணைக்கலை. இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்கலாம்னு தோணுச்சு.

"பாபு, அணைடா."

அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. அணைச்சேன். அவன் கண்ணைத் தேய்ச்சுக்கினே உக்காந்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கிட்டான். நானும் வண்டியை எடுத்துக்கினு வந்துட்டேன். ஆடி மாசம் அது. அதுக்கப்புறம் தினம் அந்தக் கொட்டாயைத் தாண்டித்தான் போனேன், வந்தேன். அவன் முதல்ல சிரிக்கட்டும்னு நான். அவன் குனிஞ்ச தலை நிமிரலை. கார்த்திகையில ஒரு நாள் மார்வலின்னு ஆட்டோவுல ஏறினவன், ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுட்டான்.

சாவு வூட்டுல ஐஸ் பெட்டிக்கு பிளக் சரியா உக்காரலை. விட்டு விட்டு எரியுது. நான் என்ன பண்ணேன் தெரியுமா? "டேய், இத பாருடா"ன்னு சொல்லிக்கினே தேசிங்கைத் திரும்பிப் பார்த்தேன். பெட்டிக்குள்ள படுத்திருக்கிறவனை. நல்லவேளை யாரும் கவனிக்கலை. எல்லாரும் அழுதுக்கினு இருந்தாங்க. எனக்கு அழுகை வரலை, வாய்ல ஒரு ஜோக்தான் வந்துச்சு. அதையும் முழுங்கிட்டேன்.

அவன் பொண்ணு சங்கமித்ரா காலேஜ் முடிச்சுட்டு வூட்ல இருந்தா. அடுத்த மாசமே அந்த பேக்கிங் கம்பெனியில சேர்ந்துட்டா. சேர்ந்தவ ஏறுற வண்டி எது? என் வண்டிதான். முன் சீட்டுல வந்து உக்காந்துக்கினு, "சித்தப்பா, போலாம்"னு சொல்வா. நான் வாய் ஓயாம ஜோக் அடிப்பேன். ஒரு நிமிஷம் சும்மா இருந்தா, அந்த சாயங்காலத்தைச் சொல்லிடுவேனோன்னு பயம்.

இப்ப போகி அன்னிக்கு வர்றேன். மத்த அஞ்சு பிள்ளைங்களும் லீவு. மித்ரா புதுசு, லீவு கேட்க முடியாது. விடியக்காலை அஞ்சு மணி. எங்க ஏரியாவுல போகின்னா உங்களுக்குத் தெரியும், டயர், பாய், பிஞ்ச தலகாணின்னு தெருவுக்குத் தெரு எரியும், பசங்க மேளத்தைப் போட்டு அடிப்பாங்க. மேல மார்கழிப் பனி மூடி உக்காந்துக்கும். புகைக்குப் போக வழியில்லாம ரோட்டுலயே படுத்துக்கும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஏறினதும் என் லைட்டுக்கு முன்னாடி ஒரு வெள்ளைச் சுவரு. சத்தியமா சுவரு. நான் லைட் அடிக்க, அது எனக்கே திருப்பி அடிக்குது. கண் கூசுது, பானட் முனைக்கு அப்பால ஒண்ணும் தெரியலை. இடது பக்கம் கன்டெய்னர் டிரெய்லருங்க எப்பவும் வரிசையா நிக்கிற ரோடு, பாதிக்குப் பின்னாடி லைட்டே எரியாது. ஓரங்கட்டி நிறுத்தினா பின்னாடி வர்றவன் வந்து ஏறுவான், நிறுத்தாம போனா நான் போய் ஏறுவேன்.

"சித்தப்பா, மெதுவா போங்க."

"இதுக்கு மேல மெதுவா போனா வூட்டுக்குத் திரும்பிடுவோம்மா"ன்னேன்.

அப்ப ரெண்டு லைட்டும் அணைஞ்சுது. பொட்டுன்னு. ஒரு மூச்சு விடுற நேரம் கும்மிருட்டு. என் வீரத்தைக் கேளுங்க. லைட் சுவிட்சைத் தேடி வைப்பரைப் போட்டேன், கண்ணாடிக்குத் தண்ணி அடிச்சேன், ஹேண்ட்பிரேக்குன்னு நினைச்சு அந்தப் பொண்ணோட டிபன் பையைப் பிடிச்சு இழுத்தேன். முருகா, மாதா, அல்லான்னு எல்லாரையும் ஒரே வரியில கூப்பிட்டேன்.

லைட் வந்துச்சு. ஆனா மஞ்சளா. மங்கலா, தாழ்வா, ரோட்டோட ஒட்டிப் படுத்த மாதிரி, என் வண்டியோட பழைய மஞ்சள். அந்த வெளிச்சம் புகைக்கு அடியில பூந்து போச்சு. ரோட்டுக் கோடு தெரிஞ்சுது. கோட்டுக்கு இந்தப் பக்கம், என் நெஞ்சு உயரத்துக்கு, ஒரு டிரெய்லரோட பின்பக்க இரும்புச் சட்டம் தெரிஞ்சுது.

பிரேக்கை மிதிச்சேன்னு சொல்லக்கூடாது, ஏறி நின்னேன். கை நீட்டினா தொடுற தூரத்துல வண்டி நின்னுது. மித்ரா உக்காந்த பக்கத்துக்கு நேரா அந்தச் சட்டம். அப்பவே அந்த மஞ்சள் போயி, எச்.ஐ.டி. துடிச்சுக்கினே நீலமா ஏறி வெள்ளையா எரிய ஆரம்பிச்சுது.

நீங்க சொல்ல வர்றது தெரியும். லூஸ் கனெக்‌ஷன், அந்த லைட்டு அணைஞ்சு எரியும்போது கலர் மாறும்னு. நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனா அவ கேட்டா:

"சித்தப்பா, லைட்டு மஞ்சளாச்சே, பாத்தீங்களா? அப்பா போட்டுக் குடுத்த லைட்டு மாதிரியே."

அவ்ளோதான். உடைஞ்சுட்டேன். ஸ்டியரிங்ல தலையை வச்சுக்கினு எல்லாத்தையும் சொன்னேன், கொட்டாய், ஹாரன், அவன் கையை விரிச்சுப் பிடிச்சது, நான் அணைக்காம சிரிச்சது. தலை ஹாரன் மேல இருந்ததால நடு நடுவுல அது வேற பாங்கு பாங்குன்னு கத்துது. என் அழுகைக்கும் ஒரு மரியாதை இல்லை பாருங்க.

மித்ரா என் தலையைப் பிடிச்சுத் தூக்கி ஹாரன்ல இருந்து எடுத்தா.

"அப்பா வூட்ல வந்து சொல்லிச்சு, சித்தப்பா. ரெண்டு நாளு கண்ணுல புள்ளி புள்ளியா நின்னுச்சாம். சிரிச்சிகினேதான் சொல்லிச்சு. 'பாரேன், எதிர்ல வரவன்லாம் திட்டித் திட்டி, உங்க சித்தப்பனே பழைய பல்ப எடுத்துகினு மாத்த வருவான்'னு. துணிய கூட தொவச்சி டப்பாவுல வச்சிச்சு. நீங்க வண்டில போறப்பலாம், நிப்பீங்களானு பாத்துகினு இருக்குமாம். அம்மாதான் சொல்லும்."

நான் மூஞ்சியைத் துடைச்சுக்கினு, பின்னாடி வர்றவனுக்குத் தெரியட்டும்னு நாலு இண்டிகேட்டரையும் போட்டேன். அப்ப அவ, "இன்னாது இது, முட்டி சுடுது?"ன்னா. அவ முட்டிக்கு நேரா டேஷ்போர்டு மூடி. தொட்டுப் பார்த்தேன், டீ கிளாஸ் மாதிரி சுடுது. திறந்தேன். அந்த அட்டைப் பெட்டி, ஒரு மூலை பழுப்பாகித் தீஞ்ச வாசனை அடிக்குது. உள்ள அந்தப் பழைய பல்பு ரெண்டும், எந்த வயரோடயும் சேராம சும்மா கிடந்த பல்பு, கையில பிடிக்க முடியாத சூடு. கர்ச்சீப்புல சுத்தி ஒண்ணை வெளிய எடுத்தேன். மித்ரா செல்போன் லைட்டை அடிச்சா.

கண்ணாடியில ஒரு கட்டைவிரல் ரேகை. வெந்து, பழுப்பா. ரேகைக்குக் குறுக்கால ஒரு வெட்டுக் கோடு. அந்தக் கோட்டை எனக்குத் தெரியாதா? போட்டவனே நான்தானே.

அவ செல்போனைக் கிட்ட கொண்டாந்து பார்த்துட்டு, மெதுவா சொன்னா. "அப்பா கண்ணாடிய தொட்டதே கெடையாதே, சித்தப்பா."

பொங்கல் அன்னிக்கு அவ அந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டாந்து குடுத்தா. பூட்டிக் கிடந்த கொட்டாய் முன்னாடி வண்டியை நிறுத்தி, எச்.ஐ.டி.யைக் கழட்டி, அந்தப் பழைய பல்பு ரெண்டையும் நானே மாட்டினேன். மாட்டுறதுக்கு முன்னாடி ரேகை இருந்ததைத் தேசிங்கு துணியால துடைச்சுப் பார்த்தேன். போகலை. நகத்தால சுரண்டினேன். வழவழன்னு இருக்கு, ஒண்ணும் தட்டுப்படலை. வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது, அது கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கு. மூடி சீல் பண்ணின பல்புக்கு உள்ள யாரு விரலு போகும்? அவனோட வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் ஒருத்தர்கிட்ட காட்டினேன். வாங்கிப் பார்த்துட்டு, என் கையில குடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

நாலு நாள்ல வெடிக்க வேண்டிய பல்பு. அடுத்த போகியும் தாண்டிப் போச்சு, இன்னும் எரியுது. எதிர்ல யாரு வந்தாலும் இப்ப முதல்ல லைட்டைத் தாழ்த்துறவன் நான்தான்.

ஒண்ணு மட்டும் இன்னிக்கும் சரியாகலை. வயரு மாத்தியாச்சு, சுவிட்சு மாத்தியாச்சு, ரிலே மாத்தியாச்சு. சாயங்காலம் லைட்டைப் போட்டா வலது பக்கம் உடனே எரியுது. ரேகை இருக்கிற இடது பக்கம் மட்டும் ஒரு நொடி தாமதமாத்தான் எரியுது. கண்ணுக்கு முன்னாடி பிடிச்ச கையை ஒருத்தன் கீழ இறக்க எவ்ளோ நேரம் ஆகும், அவ்ளோ நேரம்.