கம்பிமேல் போட்ட பழி

காமாட்சி மாமி வீட்டுக் கறுப்பு ரிசீவரைக் காதில் வைத்தால் முதலில் வருவது குரலல்ல, தேங்காயெண்ணெய் வாசம். மயிலாப்பூரில் அந்த வீட்டு மாடியில் ஒற்றை அறை ‘போர்ஷனில்’ குடியிருந்த எங்களுக்கு அதுதான் ‘பி.பி. நம்பர்’. போன் வந்தால் மாமி குரல் கொடுப்பார், நாங்கள் இறங்கி ஓடுவோம். "எடுத்தா எடுத்த எடத்துல வைடா, கடங்காரா" என்று மாமி சொல்லிச் சொல்லி, ரிசீவரைத் திரும்ப வைப்பது எனக்கு மூச்சுவிடுவதுபோல ஆகியிருந்தது.

தொண்ணூறுகளில், நான் ஏழாவது படிக்கையில், ஒரு காலை மாமி பூஜையில் இருந்தபோது மணி அடித்தது. அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நான் ஓடிப்போய் எடுத்தேன். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா.

"நைனா, ஆபரேசன் நாளைக்கு இல்லியாம், இப்பவேன்றாங்கோ. அம்மாவக் கூப்டு, ஒண்ணு சொல்லணும். ஓடு!"

கரப்பான்பூச்சி பறந்தாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும் வீரன் நான். ‘ஓடு’ என்றதும் கையும் காலும் தனித்தனியாக முடிவெடுத்தன. கால் மாடிப்படிக்குப் பாய, கை ரிசீவரை ஒழுங்காக, மாமி மெச்சும்படி, எடுத்த இடத்தில் வைத்தது.

மாவுக் கையோடு ஓடிவந்த அம்மா எடுத்துக் கேட்டால் ‘ங்ங்ங்’ என்ற சத்தம் மட்டுமே.

"இன்னாடா?"

"லைன் கட் ஆயிடுச்சும்மா."

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். மறுபடி பேச ஆஸ்பத்திரி போன் பூத் கியூவில் நின்ற அப்பாவை அதற்குள் உள்ளே கூட்டிப்போய்விட்டார்களாம். சாயங்காலம் மணி அடித்தபோது அப்பாவுக்குத் துணையாகப் போயிருந்த சித்தப்பாதான் பேசினார், அழுதுகொண்டே.

செம்புக் கம்பிக்குள் எலக்ட்ரான் எறும்பைவிட மெதுவாகத்தான் ஊரும், ஆனால் நெரிசல் பஸ்ஸில் பின்படிக்கட்டில் ஏறுகிறவன் தள்ளினால் முன்னால் நிற்பவன் உடனே கத்துவதுபோல, இந்த முனையின் உந்தல் கண்ணிமைக்கும் முன் அந்த முனைக்குப் போய்விடும் என்று பிற்பாடு பள்ளியில் சொன்னபோது, வகுப்பே பஸ்ஸை நினைத்துச் சிரித்தது. நான் மட்டும் வேலூரிலிருந்து நொடிகூட ஆகாமல் வந்த குரல், பதினெட்டுப் படி ஏறமுடியாமல் நின்றதை நினைத்தேன். கம்பி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

மாமியும் இல்லை, அந்த வீடும் இல்லை. போன வாரம் எங்கள் தெருவில் பழைய டெலிபோன் செம்புக் கம்பிகளை உருவி, சுருட்டி, வண்டியில் ஏற்றினார்கள். அம்மா பால்கனியில் நின்று பார்த்தார். எழுத்துக்கூட்டவும் தெரியாதவர், அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

"போய்த் தொலையட்டும். உங்கப்பா இன்னா சொல்ல வந்தாருன்னே தெரியாம பண்ணிச்சே" என்றார்.

"ஆமாம்மா, கம்பிதான்" என்றேன்.