இலியாஸ் சாரின் இரண்டு மாலைகள்

வேலூரில் ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இலியாஸ் சாரின் மகன் ரியாஸ் போன் செய்தான். "டீச்சர், அப்பா போய்ட்டாரு" என்றான். சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு தரம் ரத்தம் கொடுக்க வேண்டும். யார் கொடுத்தது! ஆம்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. அதிலும் பாதி கோபம். அந்த மனுஷனிடம் நான் போட்ட ஒரு சண்டை முடியாமலே இருந்தது. முடிக்காமல் போய்விட்டார்.

இலியாஸ் சாரிடம் படித்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவர் சரித்திர வாத்தியார். எனக்கு எதிர் மேசைக்காரர். ஆம்பூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் சரித்திரம் எடுத்தார், நான் கணக்கு எடுத்தேன். ஓய்வு பெறும் வரைக்கும் நாங்கள் சண்டை போடாத நாள் என்று ஒன்று இருந்திருந்தால் அன்று இருவரில் ஒருவர் லீவு என்று அர்த்தம். "உங்க சரித்திரத்துல கணக்கே ஒதைக்குது சார். ஒரு ராஜா செத்தா ஆயிரம் பேரு கூடச் சாவுறான்" என்பேன். "அந்த ஆயிரம் பேரு யாருன்னு கேக்குறதுதான் டீச்சர் என் பாடம்" என்பார்.

அவர் வேலூர்க் கோட்டைப் புரட்சியை நடத்துகிற நாளில் பக்கத்து வகுப்பில் நான் பாடம் எடுக்க முடியாது. அவ்வளவு சத்தம். தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து துண்டுத் தோல் வாங்கி வந்து பெஞ்சு பெஞ்சாக அனுப்புவார். "இது இன்னா தோல், சொல்லு பாக்கலாம்!" நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அப்பா தோல் ஷாப்பில், அம்மா ஷூ கம்பெனியில். விரலால் ஒரு தடவு தடவிவிட்டு "ஆடு சார்", "எருமைக்கன்னு சார்" என்று கத்துவார்கள். தினகரன் என்று ஒருவன், கண்ணை மூடிக்கொண்டே சொல்வான். ஒரு தடவைகூட அவன் தப்பாகச் சொன்னதில்லை.

பிறகு சார் கதைக்கு வருவார். ஆயிரத்து எண்ணூற்று ஆறாம் ஆண்டு. வெள்ளைக்காரன் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை கொடுக்கிறான், அதில் ஒரு தோல் சின்னம். பன்றித் தோல் என்று ஒரு பேச்சு, மாட்டுத் தோல் என்று ஒரு பேச்சு. போட மாட்டோம் என்று சொன்னவர்களுக்குக் கசையடி. "மொதல்ல வாயால சொன்னாங்கப்பா. அடிதான் கிடைச்சுது. அப்புறந்தான் துப்பாக்கி. எந்தப் புரட்சிய எடுத்தாலும் துப்பாக்கிக்கு முன்னாடி யாரும் காதுல வாங்காத ஒரு பேச்சு இருக்கும், அதைத் தேடு" என்பார். அதோடு நிறுத்தாமல், அந்தத் தோலை யாராவது ஒருவர் தொட்டுப் பார்த்தார்களா, நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பார்த்த மாதிரி, என்றும் கேட்பார்.

ஒரு ஜூலை பத்தாம் தேதி, "வர்றீங்களா டீச்சர், கோட்டைக்குப் போய்ட்டு வரலாம்" என்று கூப்பிட்டார். போனேன். கோட்டைக்கு எதிரே சிப்பாய்களின் நினைவுத் தூணில் கட்சிக்காரர்கள் மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் மாலை முதலில் என்று இரண்டு கோஷ்டிக்குத் தள்ளுமுள்ளு, போலீஸ் நடுவில். பேனரில் ஒவ்வொருவன் பேருக்கு முன்னாலும் ஒரு 'புரட்சி'. "இவங்க செஞ்ச ஒரே புரட்சி பிளெக்ஸ் கடைக்காரன வாழ வெச்சதுதான்" என்று சார் முணுமுணுத்தார். எல்லோரும் போன பிறகு தன் பையிலிருந்து ஒரு சாமந்தி மாலையை எடுத்துத் தூணுக்குச் சாத்தினார். பையில் இன்னொரு மாலை இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு பழைய வெள்ளைக்காரக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். அன்று காலை கோட்டைக்குள் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே இருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா சார் இது, தொட்டிலையும் ஆட்டி புள்ளையையும் கிள்ற வேலை? யாராவது ஒருத்தருக்குப் போடுங்க!" கல்லறைக்கு மாலை போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு, அவர் வீட்டில் அதுவும் கிடையாது. அவர் மாலையை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரியில காய்ச்சலா படுத்திருந்த வெள்ளக்காரனையும் அன்னிக்கு சிப்பாய்ங்க சுட்டாங்க டீச்சர். நான் சிப்பாய்ங்க பக்கம். அப்புறம் வெள்ளக்காரன் அவங்கள சுவத்துல நிக்க வெச்சு சுட்டத நெனச்சா இப்பவும் எனக்கு ரத்தம் கொதிக்குது. அவங்க என் ஆளுங்க. அதனாலதான் அவங்க செஞ்சதுக்கும் நான் வந்து நிக்க வேண்டியிருக்கு."

எனக்கு அது அன்று முழுதாகப் பிடிபடவில்லை. ஆனாலும் அடுத்த வருஷமும் போனேன், அதற்கடுத்த வருஷமும் போனேன். திரும்பும்போது பிரியாணி அவர் செலவு.

கோட்டையைப் பிடித்த கையோடு சிப்பாய்களில் பலர் கொள்ளையடிக்கப் போய்விட்டார்கள், வாசலைக் காக்க ஆளில்லை, ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை உள்ளே புகுந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. இதை அவர் மறக்கவே மாட்டார். எலெக்‌ஷனில் ஜெயித்த கட்சி மறு மாதமே கை நீட்ட ஆரம்பித்தால், பேப்பரை மடித்துவிட்டு "கதவ மூடல டீச்சர்" என்பார். அவ்வளவுதான் விமர்சனம்.

ஒரு முறை நான் விடவில்லை. "பிரான்ஸுல தலைய வெட்டினாங்க, ரஷ்யாவுல குடும்பத்தோட சுட்டாங்க. நாம ஒரு விரல்ல மை வெச்சு ஆட்சிய மாத்துறோம். அது பெருமை இல்லையா சார்?" என்றேன். "பெருமைதான்" என்றார். டீயை ஆற்றினார். "கைதான் சுத்தமாச்சு டீச்சர். எதிர்க்கட்சிக்காரன் சாவணும்ங்கிற வெறி மனசுல அப்படியே கெடக்குது. அன்னிக்கு சிப்பாய்க்கு எதிர்ல ஒரு துரை இருந்தான், அடிச்சவன் அவந்தான்னு தெரியும். இன்னிக்கு இவனுங்க கோபத்துக்கு ஆளே தேவைப்படல. அது யார் தலையில வந்து எறங்கப் போவுதோ!"

அவர் தலையிலேயே வந்து இறங்கியது.

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ஜூலையில், அவர் வெள்ளைக்காரன் கல்லறையில் மாலை வைப்பதை எவனோ போனில் பிடித்துவிட்டான். அன்று எனக்கு முட்டிவலி, போகவில்லை. தூணுக்கு மாலை போட்டதும் அதே வீடியோவில் இருந்திருக்கிறது. அதை வெட்டிவிட்டு மீதியை மட்டும் அனுப்பினான். 'நம் வீரர்களைக் கொன்றவனுக்கு மாலை போடும் துரோகி.' மத்தியானத்துக்குள் ஆம்பூர் முழுக்கப் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இவன் யாருக்குப் பிறந்தவன் என்பதுவரை எழுதினார்கள். அவர் மதத்தைச் சொல்லித் திட்டினார்கள். அவர் தெருவிலேயே சிலர், கல்லறையில் பூ வைக்க உனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள்.

சாயங்காலம் ரியாஸ் கூப்பிட்டு ஓடினேன். வீட்டு வாசலில் கூட்டம். ஒரு கட்சி என்று சொல்ல முடியாது, எல்லாக் கட்சியிலும் ஆள் இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைப் போனில் எடுத்துப் போட வேண்டும், அதுதான் கோரிக்கை. ஜன்னல் கண்ணாடி ஏற்கெனவே உடைந்திருந்தது. உள்ளே ரியாஸின் மனைவி நிறைமாதம், கட்டிலோரம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். முன் வரிசையில் போனை நீட்டிக்கொண்டு நின்றவன் யார் தெரியுமா? தினகரன். கண்ணை மூடிக்கொண்டு தோல் சொன்னவன்.

சார் வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை, அவனை மட்டும் பார்த்தார். "வீடியோ முழுசா பாத்தியாப்பா?"

"எல்லாரும் பாத்தாங்க சார்."

"நீ தொட்டுப் பாத்தியா?"

அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பின்னாலிருந்து எவனோ "பேச்ச வளக்காத, மன்னிப்பு கேளு!" என்று கத்தினான். அப்போதுதான் தெருக்கோடியை நான் கவனித்தேன். செய்தி கேள்விப்பட்டு அந்தப் பக்கமிருந்து அவர் தெருப் பையன்கள் கட்டையோடு வந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் நான் வாய் விட்டேன்: "சார், கேக்காதீங்க! நீங்க ஒரு தப்பும் செய்யல!"

அவர் தெருக்கோடியைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்துக் கை கூப்பினார். "தப்பா நெனச்சிருந்தா எல்லாரும் மன்னிச்சுக்கணும்" என்றார். கூட்டம் விசிலடித்தது. ஜெயித்துவிட்டார்களாம்! கட்டையோடு வந்தவர்களிடம் அவரே நடந்து போய், தோளில் கை போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார்.

நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். எப்படிப் பேசுவது? ஆயுசு முழுக்கப் புரட்சி நடத்திய மனுஷன், போனுக்குப் போய்க் கை கூப்புவதா? ஒரு நாள் மார்க்கெட்டில் எதிரே வந்து வழியை மறித்தார். "டீச்சர், பேஜார் பண்ணாதீங்க. அன்னிக்கு ஒரு கதவ மூடினேன், அவ்வளவுதான்" என்றார். "மூடினது உங்க வாய சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வருஷத்துக்குப் பிறகு அவர் கோட்டைப் பக்கம் போகவும் இல்லை.

அன்று அவர் செய்தது சரிதானா? நூறு தரம் யோசித்துவிட்டேன். அந்தத் தெருவில் அன்றைக்கு ஒரு மண்டைகூட உடையவில்லை. ரியாஸுக்குப் பெண் பிறந்து இப்போது தத்தித் தத்தி நடக்கிறது. இதெல்லாம் தெரிகிறது. ஆனால் விசிலடித்தவர்கள் வேறொரு வாசலுக்குப் போய் இன்னொருவரைக் கை கூப்ப வைத்திருப்பார்கள். அதுவும் தெரிகிறது. கணக்கு டீச்சர் நான், இதற்கு மட்டும் எனக்கு விடை வரவில்லை.

போன மாதம் உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, வீம்பை விட்டுப் பார்க்கப் போனேன். மெலிந்து கிடந்தார். "அந்த மன்னிப்பு என்னை இன்னும் அறுக்குது டீச்சர்" என்றார். "பசங்ககிட்ட கேட்டதுக்கு வருத்தமில்ல. ஆனா பயந்துகிட்டு அந்த ரெண்டு எடத்துக்கும் போவாம விட்டேன் பாருங்க, அங்க இருக்கறவங்ககிட்ட நான் இன்னும் மன்னிப்பு கேக்கல." நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஒடம்பு தேறட்டும், போவலாம். பிரியாணி இந்தத் தடவ என் செலவு" என்றேன். தலையை ஆட்டினார்.

பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனபோது குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், தெருமுனையில் ஒரு பேனர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'புரட்சி ஆசானுக்குக் கண்ணீர் அஞ்சலி.' ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் தினகரன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ! "அன்னிக்குத் துரோகி, இன்னிக்கு ஆசானா? இன்னாடா நெனச்சுகினு இருக்கீங்க? எறக்கு அத!"

அவன் பேனரை இறக்கிச் சுருட்டி, சாக்கடையோரம் சாத்தி வைத்தான். "முழு வீடியோவ அப்புறந்தான் பாத்தேன் டீச்சர்" என்றான். "சார்கிட்ட வந்து சொல்லலாம்னு நெனச்சேன். எந்த மூஞ்சிய வெச்சுகினு வர்றது?" வந்திருந்தால் அவர் டீ கொடுத்திருப்பார், அது அவனுக்கும் தெரியும். உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனபோது அவனும் ஓடிப் போய்த் தோள் கொடுத்தான். யாரும் தடுக்கவில்லை.

இலியாஸ் சாரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், அந்த இரண்டாவது மாலைதான். தனக்குப் பிடித்தவர்கள் பக்கம் நின்றுகொண்டே அவர்கள் செய்ததற்கும் போய் நிற்பது. அதை அவர் பயத்தில் ஒருமுறை கீழே வைத்துவிட்டார். எடுக்க முடியாமல் போய்விட்டார். வருகிற ஜூலை பத்தாம் தேதி நான் சாமந்தியில் இரண்டு மாலை வாங்கிக்கொண்டு போகிறேன். தினகரன் வருவானா மாட்டானா தெரியாது. போன் வைத்திருப்பவர்கள் தாராளமாக வந்து படம் எடுக்கலாம். நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. முழுசாக மட்டும் எடுங்கள்.