செத்தவரை உள்ளே கூப்பிட்டது நான்தான்

எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம், காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் மூன்று பேர் நான்கு நாள் ஒரு விளையாட்டு விளையாடினோம். எனக்குப் பதினேழு வயது. இன்றைக்கும் நான் பகடையைக் கையால் தொடுவதில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அதைக் கொண்டுவந்தவன் என் அம்மான் மகன். பினாங்கில் படித்துக்கொண்டிருந்தவன், விடுமுறைக்கு வந்திருந்தான். கூடப் படித்த வெள்ளைக்காரப் பையன்கள் சொல்லிக்கொடுத்தார்களாம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை சொல்லுவான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக நடமாட வேண்டும். கதவைத் திறக்கிறாயா, ஓடுகிறாயா என்று கேட்பான். ஓடித் தப்பித்தோமா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும்.

மூன்றாவது ஆள் என் அக்கா. எங்கள் வீடுகளில் அக்காளை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆச்சிக்கு அப்போது இருபத்தாறு வயது. பினாங்கில் கடை வைத்திருந்த அவள் கணவர், எங்கள் அத்தான், இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வந்தது ஒரு தந்தி மட்டும். ஆச்சி அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நம் ஆட்களில் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவன் இந்த அம்மான் மகன் ஒருவன்தான். எப்படிப் போனார், என்ன சொன்னார் என்று ஆச்சி அவனைக் கேட்காத நாள் இல்லை. "காய்ச்சல்தான் ஆச்சி" என்பான். உடனே எழுந்து போய்விடுவான். ஆச்சியோ நாளுக்கு நாள் சோற்றைக் குறைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்குக் கொஞ்சம் மனசு மாறட்டும் என்றுதான் விளையாட்டை எடுத்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கோட்டை, சுரங்கம் என்றெல்லாம் ஆரம்பித்தான். எங்களுக்கு மண்டையில் ஏறவில்லை. உடனே கோட்டையைப் பள்ளத்தூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடாக மாற்றிவிட்டான். நானும் ஆச்சியும் அதற்குள் மாட்டிக்கொண்டோம். முதல் இரண்டு நாள் எலும்புக்கூடுகள் வந்தன, நடக்கிற பிணங்கள் வந்தன. பகடையை உருட்டி உருட்டி வெட்டித் தள்ளினோம். ஆச்சிகூட ஒருமுறை சிரித்தாள்.

மூன்றாம் நாள் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"இதுக எல்லாம் புத்தி இல்லாததுக. இனிமேத்தான் இருக்கு. இந்த வீட்டுச் செட்டியார் செத்தும் புத்தியோட இருக்காரு. உசுரோட இருந்தப்பத் தெரிஞ்சது அம்புட்டும் ஞாபகம் இருக்கு. வெட்ட முடியாது. பேசுவாரு. பொய் மட்டும் சொல்ல மாட்டாரு."

"அப்பத் தப்பிக்கிறது எப்படி?" என்றேன்.

"நீங்களாக் கூப்பிடாட்டி அவரால நெலப்படியத் தாண்ட முடியாது. வாயத் தொறக்காம இருங்க, போதும்."

வெட்டினால் விழுகிற பிணத்துக்கு நான் பயப்படவில்லை. யோசிக்கிற பிணம்தான் பயமாக இருந்தது. கூடத்தில் மாட்டியிருந்த பாட்டன்மார் படங்களை அன்று முழுக்க நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான்காம் நாள். முற்றத்தில் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. நல்ல வெயில், பயப்படுகிற வேளையே இல்லை. அவன் தரையில் மூன்று தடவை தட்டி, வயசானவர் குரலில், "வீட்டுல ஆரு?" என்றான்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிலைப்படியில் யார் வந்து நின்றாலும் முதல் வார்த்தை 'வாங்க'. கல்யாண வீட்டில் ஒருத்தரை வாங்க என்று கேட்க மறந்துவிட்டால் பத்து வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஆகாதவர் வந்தாலும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். நடக்கப் பழகும்போதே கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தது.

"வாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"நீயே கூப்பிட்டுட்டியே! உள்ள வந்து ஒக்காந்துட்டாரு. மூணு கேள்வி கேக்கலாம். மூணுக்கும் நெசத்தச் சொல்லுவாரு. அப்புறம் கேட்டவுகளக் கூடவே கூட்டிக்கிட்டுப் போயிருவாரு."

"ஒருத்தரும் கேக்க வேணாம், ஆட்டத்த நிறுத்து" என்றேன்.

ஆச்சி பகடையை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். "நான் கேக்குறேன். என்னையக் கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை.

தன்னைவிட இளையவனான அவனைப் பார்த்து, அத்தானிடம் பேசுகிற அதே மரியாதையோடு கேட்டாள். "கடைசியில எங்க படுத்துக் கெடந்தீக?"

அவன் சிரிப்பு நின்றது. செட்டியார் குரலிலேயே, "வீட்டுல" என்றான்.

"கடையிலதான தங்கியிருந்தீக. வீடு ஆரு வீடு?"

"இதுக்குப் பகடை போடணும் ஆச்சி" என்றான். இப்போது அது அவன் குரல்.

ஆச்சி கையைத் திறக்கவில்லை. "பொய் சொல்ல மாட்டாருன்னு நீதான சொன்ன."

அவன் தரையைப் பார்த்தான். பிறகு, "அங்க ஒரு பொம்பள. அவ வீடு" என்றான்.

"கொள்ளி வச்சது ஆரு?"

தானே வைத்ததாகத்தான் அவன் எங்கள் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். 'நான்' என்று சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"மகன்" என்றான். "ஏழு வயசு."

ஆச்சிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை.

மூன்று கேள்வியும் முடிந்துவிட்டது. கேட்டவளைக் கூட்டிக்கொண்டு போகிற நேரம். எங்கள் வீட்டுக் கிணறு பின்கட்டில்தான் இருந்தது. நான் ஆச்சியின் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடித்தது அவளுக்குத் தெரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை. நான் கூப்பிட்டதால்தானே இது உள்ளே வந்தது என்பதே நினைப்பாக இருந்தது.

ஆச்சி பகடையைக் கீழே வைத்தாள். உள்ளங்கையில் அதன் முனை பதிந்து சிவந்திருந்தது.

"தம்பி" என்றாள். "ஏழு வயசுப் பிள்ளைங்குற. தீயக் கண்டு பயந்துச்சா?"

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"பயந்துச்சு ஆச்சி. எனக்குப் பின்னால வந்து ஒளிஞ்சுக்கிருச்சு. நான்தான் கையப் பிடிச்சு வைக்க வச்சேன்."