டிவிக்கு வைத்த பொட்டு

சந்தனம் இழைக்கும் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்குச் சாமி நினைவு வருவதில்லை. ஒரு டிவிதான் வருகிறது. எண்பதுகளில் நான் செஞ்சியில் ஏழாம் வகுப்புப் படித்தபோது, பாடம் காட்டுவதற்கென்று எங்கள் பள்ளிக்கு வந்த கறுப்பு வெள்ளை டிவி. ராஜகிரி மலைக்குத் தப்பி ஆன்டெனாவில் விழுந்த மிச்சம் மீதிதான் படம். அதற்கும் வந்தது சோதனை. சரஸ்வதி பூஜையன்று தலைமையாசிரியர் டிவிக் கண்ணாடியின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தார். பூஜை முடிந்தும் யாரும் அதைத் தொடவில்லை. வைத்த பொட்டை எப்படித் துடைப்பது?

அதன்பின் பாடம் நடத்தியவர்கள் எல்லாரும் பொட்டுக்குப் பின்னால் நின்றே பேசினார்கள். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அது ஒன்றுதான் நிறம். சனிக் கிரகம் வந்த நாளில் வளையத்தின் இரண்டு ஓரம் மட்டும் தெரிந்தது.

"சனி எங்கடி?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"சாமி கும்புடப் போயிருக்குது" என்றேன்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்தே தீரவேண்டும். எழுந்துபோனேன். எச்சில் தொட்டு, பாவாடை நுனியால் அழுத்தித் துடைத்தேன். சனி வந்தது, வளையத்தோடு, ஈரமாக. கூடவே பிரம்பும் வந்தது.

மன்னிப்புக் கேள் என்றார் தலைமையாசிரியர். மாட்டேன் என்றேன். அம்மாவைக் கூட்டி வா, இல்லையென்றால் டிசி வாங்கிக்கொண்டு போ என்றார்.

மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலையை உடைக்கும் மில்லிலிருந்து தலையெல்லாம் தூசியோடு அம்மா வந்து நின்றாள். நைனா செத்த பிறகு வீட்டுக்குச் சம்பாத்தியம் அவள்தான்.

"உம் பொண்ணு பொட்டைத் தொடச்சிட்டாம்மா. வெளங்குமா இது?"

"எனக்குந்தான் தொடச்சாங்க, சார்." அம்மாவின் குரல் ஏறவில்லை. "நான் வெளங்காமயா போயிட்டன்? மில்லுக்குப் போறன், இவளப் படிக்க வைக்கிறன்."

அவர் பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டு, வகுப்புப் பக்கம் கையைக் காட்டினார். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். அவர் ஏன் அம்மாவின் நெற்றியை நிமிர்ந்து பார்க்கவில்லை, வெளியே வரும்போது அம்மா ஏன் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள், எதுவும் எனக்கு அப்போது தெரியவில்லை.

"நான் மன்னிப்புக் கேக்கணுமாம்மா?"

அம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"இன்னாத்துக்கு? கண்ணாடி இப்ப நல்லாதான தெரியுது. உள்ள போ, பாடம் ஓடுது."