மச்சான் மோதிரம்

எங்க பக்கம் கல்யாணத்துல தாலி கட்டி முடிச்சதும், பொண்ணோட கூடப்பொறந்தவன் மேடையேறி மாப்பிள்ளை விரல்ல ஒரு மோதிரம் போடுவான். மச்சான் மோதிரம்னு பேரு. என் தங்கச்சிக்கு அண்ணன் நான் ஒருத்தன்தான். கல்யாணம் சிதம்பரத்துல ஒரு மண்டபத்துல. மோதிரத்த ஆசாரிகிட்ட சொல்லி நானே செய்ய வச்சேன். கடலூர்லேர்ந்து பஸ்ஸுல போனப்ப, செம்மங்குப்பம் தாண்டுறதுக்குள்ள நாலஞ்சு வாட்டி சட்டைப்பையத் தொட்டுப் பாத்துட்டேன்.

எனக்கு எடது கால் சின்ன வயசுலயே சூம்பிப் போச்சு. தாங்கித் தாங்கித்தான் நடப்பேன். அதுக்காக மூலையில உக்காந்துடல. வீடு வீடாப் போயி வாட்டர் ஃபில்டர் மாட்டுறது என் பொழப்பு. மூணாவது மாடின்னாலும் பையத் தூக்கிக்கிட்டு ஏறுவேன். மண்டபத்து மேடைக்கு நாலே படி.

முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் இருந்துச்சு. அம்மாகூடப் பொறந்த மாமா என்னை சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போனார். அப்பா போனப்புறம் எங்க ரெண்டு பேரையும் ஆளாக்கினவர் அவர்தான். பாசத்துல ஒரு குறை சொல்ல முடியாது. தோள்ல கையப் போட்டுக்கிட்டு, மேடை பூராவும் பூவும் ஒயருமாக் கெடக்குது, வீடியோ வேற எடுக்குறாங்க, உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்னார். மாப்பிள்ளை வீட்டுச் சனம் நாலு விதமாப் பேசும், ஊர் வாய மூட உலைமூடியா இருக்குன்னார். நீ மேடையேறுறது தங்கச்சிக்கே கூச்சமா இருக்குதாம்னார். பெரியப்பா பையன் போடட்டும், நீ முன்வரிசையில ராஜா மாதிரி உக்காருன்னார்.

எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. ஆனா தங்கச்சிக்கே கூச்சம்னு சொன்னதும் கை தானா சட்டைப்பைக்குப் போச்சு. மோதிரப் பெட்டிய எடுத்துக் குடுத்துட்டேன். குடுத்திருக்கவே கூடாது. இன்னி வரைக்கும் என்னை நானே திட்டிக்கிட்டுக் கெடக்குறேன்.

முன்வரிசையில உக்காந்தேன். வர்றவங்க போறவங்க எல்லாம் ஜூஸ் வேணுமா, ஃபேன் பக்கம் நவுந்துக்கிறியான்னு விசாரிச்சாங்க. என்னை மாதிரி அன்னிக்கு உபசாரம் வாங்கினவன் மாப்பிள்ளைகூட இல்ல. பொண்ணோட அண்ணன் இங்க இருக்கும்போது வேற ஒருத்தன் ஏன் போடுறான்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. பெரியப்பா பையன் மோதிரம் போட்டப்ப தங்கச்சி தலைய நிமித்தி என்னைப் பாத்தா. உடனே குனிஞ்சுக்கிட்டா. கூச்சம்தான்னு நெனச்சேன். அவ்வளவு சனத்துக்கு நடுவுல நான் அனாதையா உக்காந்திருந்தேன்.

மூணு மாசம் கழிச்சு தங்கச்சி கடலூர் செம்மண்டலத்துல எங்க வீட்டுக்கு வந்தா. அம்மா கடைக்குப் போயிருந்தாங்க. எனக்குச் சோறு போட்டுக்கிட்டே, மொகத்தப் பாக்காம கேட்டா.

"எனக்காக மேடைக்கு வர மனசு வரலையாண்ணே? நீயே வேணாம்னு சொல்லிட்டதா மாமா சொன்னாரு."

எனக்கு ஒரு பொய், அவளுக்கு ஒரு பொய். உண்மையச் சொன்னா அவ மாமா வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டா. அம்மாவுக்கு இருக்கிறது அந்த ஒரே கூடப்பொறந்தவர். எந்த வேலைக்கும் நான் காலைச் சாக்கு சொன்னவன் இல்ல. அன்னிக்குச் சொன்னேன்.

"கால் வலிச்சுதும்மா."

பொய் சொல்லாதேன்னு சண்டைக்கு வருவான்னு ஒரு நப்பாசை இருந்துச்சு. என்கூடவே வளர்ந்தவ, அவளுக்குத் தெரியாததா?

"சரி விடுண்ணே, பாவம், நீ என்ன பண்ணுவே"ன்னு சொல்லிட்டு, கொழம்பு ஊத்தினா.