அத்தா எழுதிய தாள்

அம்மாவின் கையில் எப்போதும் மைதாப் பசை வாடை அடிக்கும். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் துத்தம் கலப்பார்கள். விஷம். அதனால் எங்களுக்குச் சோறு பிசைந்து தரமாட்டாள். "நீங்களே அள்ளித் தின்னுங்க" என்பாள்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டிருந்தவள், எங்களைப் பெற்ற அத்தா இறந்த பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் 'பைண்டிங்' வேலைக்குப் போனாள். அப்போது அது ஒரே கூடம். வேன் அனுப்பி இரண்டு ஊர் வீடுகளிலும் பழைய புத்தகம் கேட்டு வாங்கினார்கள். நாடகம், வைத்தியம், சட்டம், செல்லரித்த பாடப்புத்தகம், எதைக் கொடுத்தாலும் எடுத்துக்கொண்டார்கள். அத்தாவின் பெட்டியை அம்மா கொடுத்தாள். "அவிய படிச்சது. இங்க கரையான் திங்கதுக்கு அங்க இருக்கட்டும்" என்றாள். அதைச் சொல்லித்தான் வேலையும் கேட்டாள்.

பழைய அட்டையையும் அதோடு ஒட்டிய வெற்றுத் தாளையும் கிழித்தெறிந்துவிட்டு, முதுகில் எங்கள் ஊர்ப் பேண்டேஜ் துணியை வைத்து ஒட்டி, புது அட்டை போடவேண்டும். அதுதான் வேலை.

அண்ணன் பட்டாளத்துக்குப் போக ஆசைப்பட்டான். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வாத்தியார் அவனுக்கு ஒரு வயது கூட்டி எழுதியிருந்தார். அந்தக் கணக்குப்படி ஆளெடுப்புக்கு வயது தாண்டிவிட்டது. கோர்ட்டில் திருத்தலாம், பிறந்தபோது எழுதிவைத்தது ஏதாவது வேண்டும் என்றார் வக்கீல். அம்மாவுக்கு நினைவு வந்தது. அவன் பிறந்த அன்று அத்தா ஒரு வைத்தியப் புத்தகத்தின் அட்டையோடு ஒட்டிய முதல் தாளில் நாளும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மூன்று பேரும் போனோம். நூலகர் பதிவேட்டைப் புரட்டினார். அத்தா பெயர் இருந்தது. நம்பர் இருந்தது. புத்தகமும் வந்தது. புது அட்டை, சிவப்பு.

அம்மா பிரித்துப் பார்க்கவில்லை. முதுகைத் தடவினாள்.

"இது நாந்தானே போட்டது."

"கிழிச்ச தாளெல்லாம் எங்கேம்மா?" என்றார் நூலகர்.

"பசை காய்ச்சுத அடுப்புல போட்டுருவோம் சார்."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வந்த புத்தகத்தில் பாதிக்குமேல் யாராவது கிறுக்கித்தான் இருப்பார்கள். அப்படி ஒன்று என்று நினைத்திருப்பாள்.

அண்ணன் புத்தகத்தை வாங்கி அட்டையை இழுத்துப் பார்த்தான். "நல்லாத்தாம்மா ஒட்டிருக்க. எவனாலயும் பிரிக்க ஏலாது."

பஸ்ஸில் அம்மா சொன்னாள், "ஏலே, ஏசணும்னா ஏசிரு."

"ஏசுனா வயசு குறையுமாம்மா?"

அடுத்த வாரம் அவன் நூல் மில்லுக்குப் போனான்.

இப்போது நூலகம் நாலு மாடி. பைண்டிங் கூடம் இல்லை. போன மாதம் மகளை அங்கே படிக்கச் சேர்க்கப் போனபோது அந்த நம்பரைச் சொன்னேன். மறக்கவில்லை. அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரில் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். "ஒரு பக்கங்கூட விடாம ஏத்திருக்கோம்க்கா" என்றாள்.

சரி என்றேன்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மில்லிலும் பள்ளிக்கூடத்து வயதைத்தான் எழுதியிருந்தார்கள். அண்ணனை ஒரு வருஷம் முன்னாலேயே ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.